நீங்கள் அழைப்பது தொந்தரவு இல்லை

குடியை நிறுத்த உதவும் மீட்டிங் எங்கே நடக்கிறது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் தேடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, எதைத் தேடினோம் என்பதை நாளைக்கு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஹிஸ்டரியை அழித்துக்கொண்டு. நானும் அப்படித்தான் தேடினேன். இடம் கிடைத்துவிடும், நேரம் கிடைத்துவிடும், கீழே ஒரு ஃபோன் நம்பரும் இருக்கும். அந்த நம்பருக்கு வந்ததும் கை நின்றுவிடும். முன்பின் தெரியாத ஒருவரை இந்த நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்லி ஆரம்பிப்பது, அவருக்கு ஆயிரம் வேலை இருக்குமே, நம்மால் எதற்கு அவருக்குத் தொந்தரவு என்று யோசித்து யோசித்து, சரி நாளைக்குப் பார்க்கலாம் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மீட்டிங் எங்கே என்பதைக் கண்டுபிடிப்பது இப்போது கஷ்டமே இல்லை. அந்த நம்பரை அழுத்துவதுதான் கஷ்டம். அழுத்த விடாமல் தடுப்பது பெரும்பாலும் வெட்கம் என்று சொல்வார்கள், எனக்கு அதைவிட இந்தத் 'தொந்தரவு' என்கிற எண்ணம்தான் பெரிய தடையாகத் தெரிகிறது. எதிர்முனையில் ஃபோனை எடுப்பவர் உங்களுக்கு ஏதோ தர்மம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மை வேறு. அதைப் புரிந்துகொள்ள இந்த மீட்டிங் என்கிற விஷயமே எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்திருந்தால் நல்லது.

1935ஆம் வருஷம், மே மாதம். நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர், ஒரு வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரன் என்ற ஊருக்கு வந்திருந்தார். வந்த காரியம் கெட்டுப்போயிற்று. கையில் பணம் இல்லை, கூட வந்தவர்கள் போய்விட்டார்கள், மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். அவர் குடியை விட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. இன்னொரு பக்கம் ஒரு தொலைபேசியும், ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் ஃபோன் பக்கம் போனார். பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்து, இந்த ஊரில் குடியோடு போராடிக்கொண்டிருக்கிற யாரிடமாவது நான் பேச வேண்டும் என்று கேட்டார். அவர் சில பெயர்களைக் கொடுக்க, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தார், பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், குடியால் தொழிலையே இழக்கிற நிலைமை. மறுநாள் இருவரும் சந்தித்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், ராத்திரி வெகு நேரம் வரை எழுந்திருக்கவில்லை. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது அதே வருஷம் ஜூன் 10 என்று வைத்து, அந்த நாளையே இந்த மீட்டிங்குகளை நடத்துகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பிறந்த நாளாக இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பில் வில்சன் ஃபோன் பண்ணியது யாரையும் காப்பாற்றுவதற்காக இல்லை. தான் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு முன் நியூயார்க்கில் மாதக்கணக்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசியிருக்கிறார், ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அப்படிப் பேசித் திரிந்த காலமெல்லாம் அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். அது அவருக்கு உறைத்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த்தும் ஒரு புத்தி சொல்லியிருந்தார், பிரசங்கம் பண்ணுவதை விட்டுவிட்டு இந்த நோயைப் பற்றிப் பேசு என்று. டாக்டர் பாப்பிடம் அவர் அதைத்தான் செய்தார். உபதேசம் எதுவும் இல்லை, தன் கதையைச் சொன்னார். டாக்டர் பாப் அதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ அறிவுரை கேட்டிருப்பார், ஆனால் தன் உள்ளே நடப்பதை அப்படியே வெளியே எடுத்துச் சொன்ன ஒருவரை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஆக, அந்தப் பட்டியலில் கீழே இருக்கிற நம்பரை நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு அழைத்தால், எடுக்கிறவருக்கு அது சுமை இல்லை. அவருடைய அன்றைய மருந்தே அதுதான். புதிதாக வருகிறவர்தான் அந்த அறையிலேயே முக்கியமான ஆள் என்று மீட்டிங்குகளில் சொல்வார்கள், நான் முதலில் அதை உபசார வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது நானே புதியவர்களின் அழைப்பை எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன், அதில் உபசாரம் ஒன்றுமே இல்லை. சோர்ந்து போய் உட்கார்ந்திருக்கிற சாயங்காலத்தில், குரல் நடுங்க ஒருவர் "சார், இந்த மீட்டிங் பத்தி..." என்று இழுக்கும்போது, எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும்.

நான் முதன்முதலில் அழைத்தபோது எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை, எதுவும் கேட்கவில்லை. "இன்னைக்குக் குடிச்சீங்களா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "தினமும் உண்டா?" உண்டு. "காலைல எழுந்ததும் கை நடுங்குமா, அதுக்காகக் குடிப்பீங்களா?" இதை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. எவ்வளவு குடிக்கிறாய், ஏன் குடிக்கிறாய், குடும்பத்தை நினைத்தாயா என்றுதான் கேட்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை, அவரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அவர் சொன்னது: "அப்படின்னா மீட்டிங்குக்கு வாங்க, ஆனா டக்குனு நிறுத்திடாதீங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க."

இதை இங்கே அழுத்தமாக எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் உற்சாகத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல மாதங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு, மதுவின் அடக்கும் தன்மைக்கு ஏற்றபடி நரம்பு மண்டலத்தையே மாற்றி வைத்திருக்கும். திடீரென்று மது நின்றால் அந்த நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்கள் கழித்து சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், எங்கே இருக்கிறோம் என்பதே புரியாது, காய்ச்சல் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இது உயிரை எடுக்கக்கூடியது. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையோடும் தயமின் என்ற பி1 வைட்டமினோடும் இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க முடியும். மீட்டிங் வைத்தியசாலை கிடையாது, அங்கே இருப்பவர்கள் வைத்தியர்களும் கிடையாது. நல்ல குழுவில் இருப்பவர்கள் இதை அவர்களாகவே உங்களிடம் சொல்வார்கள்.

சரி, தேடுவது எப்படி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அவர்களே மீட்டிங் கைடு என்று இலவச ஆப் ஒன்றை நடத்துகிறார்கள். பல நாடுகளின் கூட்டங்கள் அதில் வரும், எல்லா இடமும் வராது. உள்ளூர் குழுக்கள் சேர்ந்து நடத்துகிற அலுவலகங்களை இன்டர்குரூப் என்பார்கள், அவர்களிடம் இருக்கும் பட்டியல் வழக்கமாகப் புதிதாக இருக்கும். இணையவழிக் கூட்டங்களுக்கென்று தனி இன்டர்குரூப்பே உண்டு, எந்த நேரத்தில் பார்த்தாலும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும், வீடியோவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம். வெளியே போக முடியாதவர்களுக்கும், சின்ன ஊரில் எல்லோருக்கும் முகம் தெரிந்தவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனாலும் முடிகிறவர்கள் நேரில் போங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் பின்னால் வரும்.

பட்டியலில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். ஓ என்று போட்டிருந்தால் ஓப்பன், யார் வேண்டுமானாலும் வரலாம், துணைக்கு அக்காவையோ நண்பரையோ கூட்டிப் போகலாம். சி என்றால் குளோஸ்டு, குடிப்பிரச்சினை இருக்கிறவர்களும், இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறவர்களும் மட்டும். 'நான் குடிநோயாளியா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லையே, குளோஸ்டு கூட்டத்துக்குப் போகலாமா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம். ஏ.ஏ.யின் பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது இதைப் பற்றியதுதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினர் ஆவதற்கான தகுதி என்கிறது. விருப்பம் என்றுதான் இருக்கிறது, நிறுத்தியிருக்க வேண்டும் என்று இல்லை. டாக்டர் சான்றிதழ் வேண்டாம், யாரும் சோதிக்க மாட்டார்கள். சில கூட்டத்தில் ஒருவர் மட்டும் நீளமாகத் தன் கதையைச் சொல்வார், அதை ஸ்பீக்கர் மீட்டிங் என்பார்கள். சிலவற்றில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கிற பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோரும் பேசுவார்கள், சிலவற்றில் 1939இல் வெளிவந்த அவர்களுடைய அடிப்படைப் புத்தகத்தைப் பத்தி பத்தியாக வாசிப்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ஸ்பீக்கர் மீட்டிங் சுலபம், சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும்.

போவதற்கு முன் ஃபோன் பண்ணுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. இந்தக் குழுக்கள் இரவல் இடத்தில் நடப்பவை. இடம் மாறும், நேரம் மாறும், ஆள் குறைந்தால் குழுவே நின்றுபோகும், பட்டியலில் மட்டும் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒருவர் கிளம்பிப் போய், பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால், அடுத்த தடவை கிளம்ப அவருக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அழைத்துக் கேட்டால், இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். "வாசல்லயே நிக்கிறேன், வாங்க" என்று சொல்ல ஒரு ஆளும் கிடைத்துவிடுவார்.

எனக்கு அப்படி ஒருவர் நின்றார். ஃபோனில் பேசியவரேதான். உள்ளே கூட்டிப் போய்க் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார், "பிடிக்கலேன்னா எழுந்து போயிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் படிகள் எழுதிய ஒரு துணி, அதில் ஒரு மூலை கழன்று தொங்கியது. நடத்துகிறவர் ஒரு அட்டையைப் பார்த்து ஏதோ வாசித்தார், சம்பளமில்லாத சாதாரண உறுப்பினர்தான் அவரும். பிறகு ஒவ்வொருவராகப் பெயரை மட்டும் சொல்லிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை, முடித்ததும் யாரும் அறிவுரை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடியைப் பற்றி ஒருவர் பேசி முடித்ததும் பதிலுக்கு ஒரு 'ஆனா'வும் வராததைப் பார்த்தேன்.

என்னைவிட வயதில் மிகவும் மூத்த ஒரு அம்மா பேசினார். துவைத்த துணிகளை மடித்து அடுக்குகிற அலமாரியில், கம்பளிக்குள் சுருட்டி வைத்த பாட்டிலைப் பற்றி. அது தீர்வதற்கு முன்பே இன்னொன்று வாங்கி வைத்துவிடுவாராம், ஒன்று தீரும்போது இன்னொன்று இல்லை என்ற நிலைமை வந்துவிடக் கூடாது என்கிற பயத்தில், கணக்கு ஓடிக்கொண்டே இருக்குமாம், பேரப்பிள்ளையோடு விளையாடும்போதும் உள்ளே அந்தக் கணக்கு ஓடுமாம். எனக்கும் அவருக்கும் வயதிலோ வாழ்க்கையிலோ ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு என்னுடையது. அப்படியே என்னுடையது. நான் யாரிடமும் சொல்லாதது. அப்போதுதான் எழுந்து போக வேண்டும் என்ற எண்ணம் போனது.

என் முறை வந்தபோது பெயரைச் சொல்லிவிட்டு, "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்" என்றேன். போதும். பேசியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வந்தது, ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, உறுப்பினர்கள் போடுவதில்தான் எல்லாம் நடக்கிறது, ஆனால் கட்டணம் என்று எதுவும் கிடையாது. புதியவர் பையை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். இங்கே பார்த்தவரையும் கேட்டதையும் இங்கேயே விட்டுப் போங்கள் என்று கடைசியில் சொன்னார்கள். அந்த அம்மாவைப் பற்றி எழுதும்போது அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நேரில் போங்கள் என்று சொன்னதற்கான காரணம், கூட்டம் முடிந்த பிறகு வருகிற அந்தப் பத்து நிமிஷம். நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது, வாசலில் செருப்பைத் தேடும்போது, அப்போதுதான் உண்மையான பேச்சு நடக்கும். புதியவர்கள் கூட்டம் முடிந்த கணமே ஓடிவிடுவார்கள். ஓடாதீர்கள். ஒரு நாற்காலியைத் தூக்கி வையுங்கள், போதும், யாராவது பக்கத்தில் வந்து பேசுவார்கள். ஒரு தாளில் நாலைந்து பேர் நம்பரை எழுதித் தருவார்கள். அந்தத் தாள்தான் நீங்கள் தேடி வந்தது. மீட்டிங் வாரத்துக்குச் சில மணி நேரம். குடிக்க வேண்டும் என்ற வேகம் மற்ற எல்லா நேரத்திலும் வரும்.

அந்த நம்பர்களைப் பிரச்சினை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டால் பயனில்லை. வேகம் வந்து நிற்கிற நேரத்தில், அதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிடாத ஆளைக் கூப்பிட யாருக்கும் கை வராது. அதனால் ஒன்றும் இல்லாத நாளிலேயே கூப்பிட்டுப் பழகுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன், பழகுறதுக்காக" என்றே சொல்லலாம், அவர்களும் அப்படிப் பழகியவர்கள்தான், புரிந்துகொள்வார்கள். ஒருவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவர், அவரும் எடுக்கவில்லை என்றால் அதற்கடுத்தவர். அக்ரனில் அந்த மனிதர் கூப்பிட்டதும் முதல் அழைப்பிலேயே முடிந்துவிடவில்லை. முக்கியமாக, குடிப்பதற்கு முன் கூப்பிடுங்கள். குடித்த பிறகும் கூப்பிடலாம், திட்ட மாட்டார்கள், ஆனால் அப்போது பேசி உங்களுக்கு எதுவும் தலையில் ஏறாது.

எல்லாக் குழுவும் எல்லோருக்கும் ஒத்துவராது, இதை மறைத்து எழுதுவது சரியில்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக இது எனக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஏ.ஏ.யில் ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது, மேலிருந்து உத்தரவு போட ஆள் இல்லை, அதனால் ஒரு குழுவின் குணம் இன்னொன்றில் சுத்தமாக இருக்காது. ஒன்றில் வயசானவர்கள் மட்டும் இருப்பார்கள், ஒன்றில் ஒரே பிரார்த்தனையாக இருக்கும், ஒன்றில் யாரோ ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். சில குழுக்களுக்குப் போய்ப் பாருங்கள், எங்கே உங்கள் தோள் தளர்கிறதோ அங்கே தொடர்ந்து போங்கள்.

கடவுள் விஷயம் பலருக்குத் தடங்கல். படிகளில் கடவுள் வருகிறார், நாம் புரிந்துகொண்ட விதத்திலான கடவுள் என்று ஒரு திறப்பும் வைத்திருக்கிறார்கள், குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு பல வருஷம் குடிக்காமல் இருக்கிற நாத்திகர்களை எனக்குத் தெரியும். அதுவும் ஒட்டவில்லை என்றால் மதச்சார்பற்ற ஏ.ஏ. குழுக்கள் இருக்கின்றன. ஏ.ஏ.யே வேண்டாம் என்றால் ஸ்மார்ட் ரிக்கவரி இருக்கிறது, 1994இல் ஆரம்பித்தது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் உத்திகளை வைத்து நடப்பது, அங்கே குறுக்கே பேசலாம், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் யோசனை சொல்லலாம், பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார். மதச்சார்பற்ற இன்னொரு அமைப்பு, லைஃப்ரிங் இருக்கிறது. பெண்களுக்கென்று ஜீன் கர்க்பாட்ரிக் 1970களில் ஆரம்பித்த விமன் ஃபார் சொப்ரைட்டி இருக்கிறது, சொப்ரைட்டி என்றால் குடியில்லாமல் இருப்பது. பௌத்தத் தியான வழியில் ரிக்கவரி தர்மா இருக்கிறது. எல்லாவற்றிலும் இணையவழிக் கூட்டம் உண்டு.

இதெல்லாம் வேலை செய்கிறதா, வெறும் பேச்சா என்று வீட்டில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்று சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது, 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.யும், ஆட்களை ஏ.ஏ.யோடு இணைத்துவிடுவதற்கென்று வடிவமைத்த சிகிச்சைகளும், தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில் மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக, பல இடங்களில் அவற்றைவிட நன்றாகவே வேலை செய்தன என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, பலிக்காதவர்களும் நிறைய உண்டு. ஆனால் இது வெறும் நம்பிக்கை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர் மனசு உடைந்த நிலைமையில் இருப்பார், அதைப் பயன்படுத்திக்கொள்கிற ஆண்கள் சில குழுக்களில் உண்டு. பதின்மூன்றாவது படி என்று அதற்கு ஒரு கசப்பான பெயரே இருக்கிறது, அந்த அளவுக்குத் தெரிந்த விஷயம். பெண்கள் கூட்டம் கிடைத்தால் அங்கே ஆரம்பியுங்கள், நம்பரைப் பெண்களிடம் மட்டும் வாங்குங்கள், ஸ்பான்சராகவும், அதாவது படிகளில் கூடவே நடத்திக்கொண்டு போகிற மூத்த உறுப்பினராகவும், ஒரு பெண்ணையே கேளுங்கள். அங்கே பொதுவான வழக்கமும் அதுதான். யாராவது தொந்தரவு கொடுத்தால் அந்தக் குழுவிலேயே சத்தமாகச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். சகித்துக்கொண்டு இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இன்னொன்று மருந்து. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி குடி வேட்கையைக் குறைக்கிற மருந்துகள் எடுப்பவர்களிடமும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களிடமும், "அதெல்லாம் விட்டாத்தான் உண்மையான சொப்ரைட்டி" என்று சொல்கிற ஆட்கள் மீட்டிங்கில் இருப்பார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். மருந்து விஷயத்தில் உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.யின் சொந்தப் பிரசுரமே சொல்கிறது. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் உள்ள விஷயம். அதில் தலையிடுகிறவரின் நம்பரைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

மீட்டிங்குக்குப் போக ஆரம்பித்த பிறகும் சிலர் குடித்துவிடுகிறார்கள். ஸ்லிப் ஆகிவிட்டது என்பார்கள். டாக்டர் பாப்பே பில்லைச் சந்தித்த சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத்தான் வந்தார், அதற்குப் பிறகுதான் ஜூன் 10. குடித்த மறுநாள் அந்தத் தாளை எடுத்து, "அண்ணே, நேத்துக் குடிச்சிட்டேன்" என்று சொல்வது முதல் தடவை கூப்பிட்டதைவிடக் கஷ்டமாக இருக்கும். அப்படி எனக்கு வருகிற அழைப்புகளில் நான் கேட்கிற முதல் கேள்வி, இப்போது பத்திரமாக இருக்கிறீர்களா, கூட யாராவது இருக்கிறார்களா என்பது. இரண்டாவது, இன்றைக்கு எந்த மீட்டிங்.

வீட்டில் ஒருவர் குடித்துக்கொண்டிருக்க, இதை அவருக்காகத் தேடி வந்து படிக்கிறவர்களும் இருப்பீர்கள். அவரை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைக்க உங்களால் முடியாது, ஆனால் உங்களுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் அல்-அனான் என்ற அமைப்பு 1951இலிருந்து இருக்கிறது, பில் வில்சனின் மனைவி லோயிஸ் ஆரம்பித்தவர்களில் ஒருவர். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலாட்டீன். அவர் குடியை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். அங்கேயும் பட்டியலுக்குக் கீழே ஒரு ஃபோன் நம்பர் இருக்கும், அதை எடுப்பவரும் உங்கள் வீட்டு மாதிரி ஒரு வீட்டில் இருந்தவர்தான்.